வான்வழித் தூரம்



பலாலியிலிருந்து சென்னை மீனம்பாக்கத்திற்கு வான்வழியே ஏறக்குறைய 355 கிலோமீற்றர். கட்டுநாயக்காவிலிருந்தோ சுமார் 645. 1978 அளவில் பலாலிச் சேவை நின்றபின், யாழ்ப்பாணத்தவர் சென்னை செல்வதற்குத் தெற்கே கட்டுநாயக்கா வந்து, தம் ஊர்த் திசையிலேயே மீண்டும் வடக்கே பறந்தனர். 2019 நவம்பரில்தான் அவ்வழி மறுபடி திறந்தது.

நான் வாழும் ஹேவாஹெட்ட மலைகளுக்குக் கோப்பிக் காலத்தில் வந்தோருக்குத் தூரம் என்பது நாட்கணக்கு. கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியிலேயே மாண்டவர் பலர்.

நிலநூலார் பூமியின் வளைவைக் கொண்டு தூரம் அளப்பர். இலக்கியத்தின் அளவுகோல் வேறு. தாயின் மரணச் செய்தி கேட்ட மகன் கொள்ளி வைக்க வந்து சேர்வானா என்றே அது கேட்கும். அவ்வகையில், வழி திறந்திருந்தால் ரொறன்ரோவின் 14,000 கிலோமீற்றரும் அருகுதான். வழி மூடினால் 355 கிலோமீற்றரும் தொலைவுதான்.