அறிவில் பெருகும் அன்பு

(நூற்றாண்டு நன்றி ஆராதனையை அடுத்து நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"கிறிஸ்தவ வாழ்வில் அன்பில் வளர்தல்" என்ற தலைப்பைச் செயலாளர் அக்கா தொலைபேசியில் சொன்னபோது, அதைப் பேசக் குருவானவர் இருக்கிறாரே என்றேன். "நீ டொக்டர்தானே, உனக்கு அன்பைப்பற்றித் தெரியாதா?" என்று கேட்டார். டொக்டர்மாரைப்பற்றி அக்கா நல்ல அபிப்பிராயம் வைத்திருக்கிறார். அதைக் கொஞ்சம் குறைத்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறேன்.

இங்கே படித்த காலத்தில் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தின் அன்பின் அதிகாரத்தை மனனம் செய்தோம். பிழையில்லாமல் ஒப்புவித்ததற்கு நான் இரண்டு வருடம் பரிசு வாங்கினேன். இப்போது என் மனம் அடிக்கடி போவது வேறோர் இடத்துக்கு. பவுல் அப்போஸ்தலர் சிறையிலிருந்து பிலிப்பி சபைக்கு எழுதுகிறார். அவர்களுடைய அன்பு இன்னும் பெருகவேண்டும் என்று ஜெபிக்கிறார். எதிலே பெருக? அறிவிலும் உணர்விலும் என்கிறார். அன்புக்கும் அறிவுக்கும் என்ன தொடர்பு என்று பள்ளியில் நான் கேட்டதில்லை. முப்பது வயது தாண்டிய பிறகு, ஒரு பிள்ளை வாட்டில்தான் அது எனக்கு விளங்கியது.

2013ஆம் ஆண்டளவில் நடந்தது. மலைநாட்டு வைத்தியசாலை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். மாலை நேரம், நல்ல மழை. தோட்டத்திலிருந்து ஒரு தாய் எட்டு மாதக் குழந்தையைக் கம்பளிக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். நியூமோனியா. மூச்சு வாங்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. எத்தனை நாளாகக் காய்ச்சல் என்றேன். மூன்று நாள் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாட்டில் எல்லோரும் கேட்கும்படி, "உனக்குப் பிள்ளை முக்கியமா, கொழுந்து முக்கியமா?" என்று சத்தமிட்டேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. பக்கத்துக் கட்டிலில் பேரப்பிள்ளையோடு இருந்த ஒரு வயதான அம்மாதான் மெதுவாகச் சொன்னார்: "டொக்டரம்மா, பெரட்டுக்குப் போகாட்டி பேர் இல்லீங்க. இந்த மாசம் அவளுக்கு ஏற்கனவே நாள் குறைஞ்சு போச்சு."

அப்போதைய சம்பளக் கணக்கு உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 450 ரூபா. மாதத்தில் போதிய நாட்கள் வேலைக்குப் போயிருந்தால்தான் அதற்குமேல் 140 ரூபா வரவுக் கொடுப்பனவு. ஆகவே ஒரு நாள் வைத்தியசாலைக்கு வந்தால் இழப்பது அந்த ஒரு நாளை மட்டுமல்ல, மற்ற நாட்களுக்குரிய 140 ரூபாவும் கையைவிட்டுப் போகலாம். அந்தத் தாய் மூன்று நாளும் காலையில் குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, மத்தியானம் ஓடிவந்து பால் கொடுத்து, மாலையில் தோட்ட மருந்துக்காரரிடம் பாணி வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

பிள்ளை பிழைத்தது, மருந்தினால். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஏனென்றால் இந்தக் கணக்கு எனக்குத் தெரியாத கணக்கு அல்ல. என் அம்மா கொழுந்து எடுத்தவர். அரைப் பேர் விழுந்த நாளில் வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் அறியாதவளாக இருந்திருந்தால் மன்னிப்பு உண்டு. லயத்தை விட்டு வந்ததும் அதையெல்லாம் மறந்துவிட விரும்பினேன், மறந்தும் விட்டேன். பட்டம் வளர்ந்த அளவுக்கு அன்பு வளரவில்லை.

வேலூர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையை ஞாயிறு பாடசாலையில் எல்லோரும் கேட்டிருப்போம். மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர், ஆனால் மிஷனரியாக மாட்டேன் என்ற பிடிவாதக்காரி. நோயுற்ற தாயைப் பார்க்க 1890இல் திண்டிவனம் வந்தார். ஒரே இரவில் ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னோர் இந்து என மூன்று பேர், பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்றுங்கள் என்று வந்து அழைத்தார்கள். டொக்டரான தன் தகப்பனைக் கூட்டிப் போங்கள் என்றார் ஐடா. ஆண் வைத்தியர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

நமக்குச் சொன்னவர்கள் கதையை அந்த இரவோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதற்குப் பிந்திய வருடங்கள்தான் பிரியம். 1899இல் நியூயோர்க்கின் கோர்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, அடுத்த வருடம் திரும்பி வந்தார். 1902இல் வேலூரில் 40 கட்டில்களோடு பெண்களுக்கான ஆஸ்பத்திரி திறந்தாயிற்று. அதோடு முடிந்தது என்று அவர் இருந்திருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரி இருந்தும் கிராமத்துப் பெண்களால் அதுவரை வரமுடியவில்லை என்று கண்டபோது, அவர்தான் தெருவுக்குப் போனார். 1909இல் ஒரு பேஜோ கார் கிடைத்தது. வழியில் மரநிழலில் நிறுத்தி நிறுத்தி மருந்து கொடுத்தார். தான் ஒருத்தி எவ்வளவு ஓடினாலும் போதாது என்று தெரிந்தபோது, 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார். அந்த ஓர் இரவின் இரக்கத்தோடு நின்றிருந்தால் வேலூர் இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டார், அதற்கேற்ப அன்பின் வேலை மாறியது.

நான் மறுநாளே திருந்திவிட்டேன் என்று சொல்லமாட்டேன். பிறகும் கத்தியிருக்கிறேன். ஆனால் ஒரு பழக்கத்தை வலிந்து ஏற்படுத்திக்கொண்டேன். மருந்து எழுதுமுன் ஒரு கேள்வி கேட்பேன். அப்படித்தான் ஒரு நாள் கர்ப்பிணிகள் கிளினிக்கில், இரத்தம் குறைந்த ஒரு தங்கச்சியிடம், "இரும்புச்சத்து மாத்திரையை எப்படிக் குடிக்கிறீங்க?" என்று கேட்டேன். "காலையில தேத்தண்ணியோட, டொக்டர்" என்றாள். அடுத்தவளிடம் கேட்டேன், அவளும் அதையே சொன்னாள். தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கும் என்பது மருத்துவ மாணவிக்கும் தெரிந்த விஷயம். ஐந்தாறு வருடமாக மாத்திரை எழுதிக் கொடுத்தவள் நான். மாதாமாதம் இரத்தம் ஏறவில்லை என்று ஏசியவளும் நான். அவர்கள் பறித்த தேயிலையே அவர்களுடைய மருந்தைத் தடுத்துக்கொண்டிருந்தது, நான் கேட்கவே இல்லை. இப்போது, தண்ணீரோடு குடியுங்கள், தேசிக்காய்ச் சாறு கிடைத்தால் இன்னும் நல்லது, தேத்தண்ணிக்கு இரண்டு மணித்தியாலம் போகட்டும் என்று சொல்கிறேன். இது பெரிய கண்டுபிடிப்பு அல்ல. கேட்க அரை நிமிடம்தான் ஆகும்.

நம் சபைகளின் சரித்திரத்திலும் இந்தக் குறை உண்டு. 1854இல் தோட்டங்களில் தொடங்கிய ஊழியத்துக்கு "தமிழ்க் கூலி மிஷன்" என்று பெயர் வைத்தார்கள். அன்போடு வந்தவர்கள்தான். ஆனாலும் எங்களை எப்படி அழைக்கவேண்டும் என்று அறிய அந்த அன்புக்குக் காலம் பிடித்தது. 1972இல் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கிய போல் கஸ்பர்ஸ் அடிகளார், தோட்ட மக்களின் நிலையை ஆராய்ந்து அறிந்து எழுதவும் பேசவும் செய்தார். அவர் தமிழர் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும்.

அக்காமாரே, நூற்றாண்டு நிதியிலிருந்து தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கத் தீர்மானித்திருக்கிறோம். கனடாவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பணம் வந்திருக்கிறது, சந்தோஷம். என் வேண்டுகோள் ஒன்றுதான். காசோலையைத் தபாலில் அனுப்பிவிடவேண்டாம். நம்மில் ஒருத்தி அந்தப் பிள்ளையின் லயத்துக்குப் போய், ஒரு தேத்தண்ணி குடித்து, அவள் எங்கே உட்கார்ந்து படிக்கிறாள், எத்தனை மணிக்கு பஸ் பிடிக்கிறாள் என்று பார்த்துவிட்டு வரட்டும். நான் மஸ்கெலியாப் பக்கம் போகத் தயார்.

கடைசியாக ஒன்று. நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, பரிசளிப்பு விழாவுக்கு அம்மா மலையிலிருந்து நேரே வந்தார். விரல்களில் கொழுந்துக் கறை. வாசல் கேற்றுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். உள்ளே வாருங்கள் என்று ஒரு டீச்சர் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. அவர் வராமல் நின்றது எனக்கு ஆறுதலாக இருந்தது. அன்பின் அதிகாரத்தை ஒப்புவித்துப் பரிசு வாங்கியதும் அதே விழாவில்தான்.

அம்மாவுக்கு இன்று எழுபத்திரண்டு வயது. இன்று என்னோடு உள்ளே வந்திருக்கிறார். முன்வரிசையில் இடம் பிடித்து வைத்தேன். குளிர் அடிக்கும் என்று சாட்டுச் சொல்லி, கடைசி வாங்கில், கதவோரம், நீலச் சால்வையோடு உட்கார்ந்திருக்கிறார். தேநீர் வேளையில் அவரிடம் போய்ப் பேசுங்கள்.