இரும்பில் மங்கிய பெயர்கள்

பதுளை, அப்புத்தளை மலைத்தோட்டங்களின் தொழிற்சாலைகளில் கொழுந்து அரைத்த பழைய வார்ப்பிரும்பு இயந்திரங்கள் பல, கடல் கடந்து வந்தவை. அவற்றை ஆக்கியோர் தம் பெயரையும் இரும்பிலேயே வார்த்தனர். இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரத்து மார்ஷல் கம்பெனி, வில்லியம் ஜாக்சன் வகுத்த உருளை இயந்திரங்களைச் செய்தது. பெல்பாஸ்டில் 1881இல் டேவிட்சன் தொடங்கிய ஆலையின் உலர்த்திகள் ‘சிரோக்கோ’ என்னும் பெயர் தாங்கின.

இப்பெயர்கள் மங்குவதற்குக் காரணங்கள் மூன்று. மணலில் பதிக்கும் மாதிரி உரு தேய்ந்திருந்தால், எழுத்து பிறக்கும்போதே மங்கலாகப் பிறக்கும். பின்னர் துரு அரிக்கும். மேலே பூசிய வர்ணம் மூடும். ஆகவே அரம் கொண்டு தேய்த்தல் தகாது, எஞ்சியதும் அழிந்துபோகும்.

முதலில் தூரிகையால் எண்ணெய்ப் பிசுக்கை நீக்குக. இருளில் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், மேடான எழுத்தின் நிழல் நீளும். மெல்லிய தாளை விரித்து, பென்சிலைப் படுக்கையாக வைத்துத் தேய்த்தால், கண்ணுக்குப் புலப்படாத எழுத்தும் தாளில் எழும். ஊர்ப்பெயரின் இரண்டோர் எழுத்தே போதிய துப்பாகலாம். இலக்கத்தை மட்டும் ஆண்டென்று துணிதல் வேண்டா. அது இயந்திரப் பகுதியின் எண்ணாகவும் இருக்கலாம். அடுப்பங்கரைத் தாச்சியின் அடிப்புறத்துக்கும் இம்முறையே பொருந்தும்.

பழைய இரும்பென்று நிறுத்து விற்றால், பெயரும் உலையிலே கரைந்துவிடும். அவ்வியந்திரத்தை இயக்கிய தொழிலாளரின் பெயரோ எந்த இரும்பிலும் வார்க்கப்படவில்லை. ஆதலின், முதியோர் நினைவிலுள்ள அப்பெயர்களையும் கேட்டறிந்து, அத்தாளின் மறுபுறத்தில் எழுதிவைத்தல் இளையோர் கடனாகும்.