நாலு முழ வேட்டி

மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு உப்பளத்து வரப்பில் இறங்கினால் முதலில் கண் கூசும். அப்புறம் காற்று. மறிக்க ஒரு மரம் கிடையாது. பாத்தியில் பலகை போட்டு உப்பு வாருகிறவர்களின் தலைத்துண்டு படபடத்துக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து நின்றபோதுதான் கொடியைப் பற்றிப் பேசலாமே என்று தோன்றியது. கொடியும் துணிதானே?

உப்புக்கும் நம் கொடிக்கும் பழைய உறவு உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில், கடலோரத்தில் தானாகப் பூத்துக் கிடக்கும் உப்பை அள்ளினாலே குற்றம். 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து ராஜாஜியோடு கிளம்பிய தொண்டர்கள் வேதாரண்யம் வரை நடந்தே போய், 30-ஆம் தேதி அகத்தியம்பள்ளியில் அதை அள்ளிக் காட்டினார்கள். ராஜாஜி சிறைக்குப் போனார். அந்தக் காலத்துக் கொடியில் இருந்தது ராட்டை. அசோகச் சக்கரம் வந்ததெல்லாம் 1947-இல்தான்.

1932 ஜனவரி 4-இல் காந்தி கைதானார். காங்கிரஸுக்குத் தடை. கொடியைத் தூக்கினாலே தடியடி என்ற நிலை. ஒரு வாரம்கூட ஆகவில்லை, 10-ஆம் தேதி திருப்பூரில் ஊர்வலம். சென்னிமலைக்காரர் குமரனுக்கு அப்போது வயது 27. மண்டை உடைந்து விழுந்த பிறகும் பிடித்த கொடியை அவர் விடவில்லை. மறுநாள் இறந்தார். இந்தக் கதை உங்களுக்குத் தெரியும், பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள்.

கொடியைப் பிடித்து எதிர்த்து நின்ற கதை வெளிநாட்டிலும் உண்டு. 1835-இல் டெக்சஸில் கொன்சாலஸ் என்ற ஊர்க்காரர்களும் ஒரு கொடி கட்டினார்கள். மெக்சிகோ ராணுவம் திருப்பிக் கேட்ட பீரங்கியைத் துணியில் வரைந்து, ‘வந்து எடுத்துக்கொள்’ என்று கீழே எழுதினார்கள். கல்யாண உடையை வெட்டித் தைத்த கொடி என்பார்கள். வீரம்தான், ஆனால் பக்கத்திலேயே நிஜப் பீரங்கியும் நின்றது. அடுத்த ஆண்டு டெக்சஸ்காரர்கள் அமைத்த நாடு அடிமை முறையைச் சட்டத்திலேயே எழுதி வைத்துக்கொண்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனக்குப் பிடித்த கொடி நம் ஊர் வேட்டி. குமரன் இறந்து இரண்டு வாரம். ஜனவரி 26-ஐச் சுதந்திர நாளாகக் காங்கிரஸ் கொண்டாடி வந்த காலம். அதற்கு முந்தின இரவு, ஆர்யா என்கிற பாஷ்யம் ஒரு நாலு முழ வேட்டியில் மூவர்ணம் தீட்டி, இன்று முதல் இந்தியா சுதந்திர நாடு என்ற பொருளில் எழுதி, இடுப்பில் சுற்றிக்கொண்டு சென்னைக் கோட்டைக்குள் போனார். அவ்வளவு காவலையும் மீறிக் கொடிமரத்தில் ஏறினார். உயர்நீதிமன்றத்து உச்சியிலிருந்த கலங்கரை விளக்கின் வெளிச்சம் சுற்றி வரும்போதெல்லாம் கம்பத்தோடு கம்பமாக ஒட்டிக்கொள்வாராம்; அது நகர்ந்ததும் மேலே இன்னும் கொஞ்சம். விடிந்தபோது யூனியன் ஜாக் இருந்த இடத்தில் வேட்டி பறந்தது.

பறந்தது கொஞ்ச நேரம்தான். பார்த்ததும் இறக்கிவிட்டார்கள்.

பாஷ்யம் பின்னாளில் ஓவியராகவும் சிற்பியாகவும் பெயர் வாங்கினார். முண்டாசும் முறுக்கு மீசையுமாக நம் வீட்டுச் சுவர்களில் பாரதி இருக்கிறாரே, அந்தப் படத்தை வரைந்ததும் வேட்டியில் சாயம் தீட்டிய அதே கைதான். மரக்காணத்து உப்பளத்தில் வெயிலுக்குத் துணியை உதறித் தலையில் சுற்றிக்கொள்கிறவர்களைப் பார்க்கிறபோது, எனக்கு அந்த முண்டாசுதான் நினைவுக்கு வருகிறது.