ஒரு படிக்கு ஒரு பாட்டு
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நம்ம திருத்தணி மலைக்கு 365 படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. டிசம்பர் 31 ராத்திரி திருப்படித் திருவிழாவில் பஜனைக் கோஷ்டிகள் படிக்குப் படி நின்று, கற்பூரம் ஏற்றி, ஒரு திருப்புகழ் பாடிவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போவார்கள். வெள்ளைக்காரர் காலத்தில், புத்தாண்டுக்குத் துரைகளைப் பார்க்கப் போன ஜனங்களை முதலில் முருகனைப் பார்க்க வைக்க, வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கி வைத்த விழா இது.

எங்க குழுவில் ஓர் அக்கா இருந்தாங்க. சந்தாப் பணம் எண்ணும்போதே திருப்புகழை முணுமுணுப்பாங்க. "ஒரு வருஷம் என்கூட படித் திருவிழாவுக்கு வாம்மா"ன்னு கூப்பிடுவாங்க. "மாடு கறக்கணும்க்கா, கடன் தவணை முடியட்டும், அடுத்த வருஷம் வரேன்"னு மூணு வருஷம் சொன்னேன். தவணை முடிஞ்சுது. அந்தப் புரட்டாசியில அக்கா போயிட்டாங்க.

அந்த டிசம்பர்ல நான் தனியா போனேன். பாட்டு முழுசா தெரியாது. பாடுறவங்க கூட சேர்ந்து வாயசைச்சேன். அங்கே யாரும் மேல்படியை நினைச்சு இந்தப் படிப் பாட்டைப் பாதியில விடலை. எனக்கு அழுகை வந்துடுச்சு.

சேமிப்பு வேணும், தவணையும் கட்டணும். ஆனா நாளைச் சேர்த்து வைக்க எந்த பாங்கிலும் கணக்கு கிடையாது. பக்கத்துல ஒருத்தி பாடினா, நோட்டை மூடிட்டு இன்னைக்கே கேளுங்க.

இந்த டிசம்பர் 31-ம் போறேன். வர்றவங்க பேர் கொடுங்க.