கண்டதைத் தின்னும் நாயும் வீட்டுக் காவலும்

கண்டதையும் வாயில் போட்டுக்கொள்ளும் நாய் வளரும் வீட்டில் முதலில் திருந்த வேண்டியது குப்பைக்கூடை; நாயின் முறை அதற்குப் பிறகுதான். மனிதர் வீசிய மிச்சத்தைத் தின்றே ஊரோடு ஒட்டிக்கொண்ட விலங்கு நாய் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. லாப்ரடார் இனத்தில் இந்தப் பசிக்கு உடம்பிலேயே ஒரு காரணம் இருப்பதை 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாருக்குப் பசியடங்கும் செய்தியை மூளைக்குச் சொல்லும் மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. வயிறு நிறைந்த பிறகும் அடுப்படியைச் சுற்றும் அப்படிப்பட்ட நாயைத் திமிர் பிடித்தது என்று திட்டுவதால் பயனில்லை.

நாய்க்கு ஆகாதவை என்று அச்சிட்டுத் தரும் பட்டியல்கள் பெரும்பாலும் சாக்லேட்டில் தொடங்குகின்றன. அது தவறில்லை. பத்துக் கிலோ எடையுள்ள நாய் நூறு கிராம் கறுப்புச் சாக்லேட்டைத் தின்றால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் அளவை எட்டிவிடும். பால் சாக்லேட் என்றால் பெரும்பாலும் வாந்தி, பேதி, படபடப்போடு போகும். ஆனால் புதுச்சேரியை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிடக்கும் கோட்டக்குப்பம் போன்ற ஊரில் நாய்க்கு ஆபத்து வேறு பக்கங்களிலிருந்து வருகிறது. அடுப்படி, கொல்லை, கடற்கரை ஆகிய மூன்றும் அங்கே ஒரே நாயின் ஒரு நாள் சுற்றுக்குள் அடங்கிவிடுகின்றன.

அடுப்படியில் கவனிக்க வேண்டியது புளி. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்திருந்தும், எந்தப் பொருளால் என்பது புரியாமலே இருந்தது. அவற்றிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்க மருத்துவர்கள் அண்மையில் கருதத் தொடங்கினார்கள். அதே அமிலம் மிகுந்த புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பழுதானதை 2022இல் வெளிவந்த ஒரு கட்டுரை பதிவுசெய்தது. வெறும் புளியை எந்த நாயும் தேடிப் போகாது. மீன் குழம்புக்குக் கரைத்துப் பிழிந்த சக்கை மீன் தலையோடும் செதிலோடும் ஒரே கூடையில் விழும்போதுதான் வினை. நாய்க்கு அங்கே புளி தெரிவதில்லை, மீன் வாசம் மட்டுமே தெரியும்.

கல்யாண வீட்டு மிச்சத்தில் இன்னும் சிக்கல் உண்டு. பிரியாணிக்குத் துணையாக வரும் தாளிச்சாவில் எலும்பு, வெங்காயம், புளி எல்லாம் ஒரே கிண்ணத்தில் கிடக்கின்றன. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் பொடித்தாலும் அந்தக் குணம் போகாது. கிலோ எடைக்குப் பதினைந்து கிராம் வெங்காயமே கெடுதல் செய்யப் போதும். ஈறு வெளிறுவதும் சிறுநீர் பழுப்பாக இறங்குவதும் மூன்று நான்கு நாள் கழித்துத்தான் தெரியும் என்பதால், வீட்டார் அதைப் பிரியாணியோடு சேர்த்து நினைப்பதே இல்லை. எலும்பைப் பற்றித் தயக்கமின்றிச் சொல்லிவிடலாம்: வெந்த கோழி எலும்பு கூர்கூராகப் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். நாய்க்கு எலும்பு வைப்பது புண்ணியம் என்ற நம்பிக்கை, நாய் வளர்க்காதவர்களிடமும் உண்டு. வெறும் சோறு வைத்தாலும் அந்தப் புண்ணியம் குறையாது. இறைச்சி வாசம் ஏறிய அலுமினியத் தாள், பால் கவர், மாங்கொட்டை, கடற்கரையில் தின்று வீசிய மக்காச்சோளக் கட்டை ஆகியவை குடலை அடைத்துக்கொண்டால் பெரும்பாலும் அறுவைதான் வழி.

மாத்திரை டப்பா பற்றி நீட்டத் தேவையில்லை. நாய்க்குக் காய்ச்சல் என்று வீட்டிலுள்ள மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. பாரசிட்டமால் கல்லீரலையும், இபுப்ரோஃபென் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம்பார்க்கும். அந்துருண்டை, கொசு விரட்டும் திரவம், பினாயில், பட்டன் பேட்டரி எல்லாம் மூடிய அலமாரிக்குள் போக வேண்டியவை.

எலி மருந்தில் இரு வகையைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று கருஞ்சாம்பல் நிறப் பொடி, துத்தநாக பாஸ்பைடு. கருவாட்டிலோ பஜ்ஜியிலோ தடவி மூலையில் வைப்பார்கள். எலிக்கு முன்னால் நாய் போய் நிற்கும். வயிற்று அமிலத்தில் பட்டதும் அந்தப் பொடி நச்சு வாயுவாக மாறுகிறது. வயிற்றில் உணவு விழுந்தால் அமிலம் கூடும், வாயுவும் கூடும். ஆகவே பாலோ சோறோ கொடுப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். அந்த நாய் வாந்தி எடுத்தால் அருகிலிருப்பவரும் வாயுவைச் சுவாசிக்க நேரும் என்பதால், கொண்டுபோகும் வண்டியின் கண்ணாடியை இறக்கிவிட வேண்டும். மற்றொன்று கட்டியாக வரும் புரோமடியோலோன். இதைத் தின்ற நாய் மூன்று நாள் வரை வாலாட்டிக்கொண்டே திரியும். பிறகுதான் ஈறிலும் மூக்கிலும் உள்ளுறுப்பிலும் ரத்தம் கசியத் தொடங்கும். வைட்டமின் கே1 இதற்கு நல்ல முறிமருந்து. மூன்று நான்கு வாரம் விடாமல் கொடுக்க வேண்டும்.

கொல்லையிலும் மாடித் தோட்டத்திலும் அரளி வேண்டாம். அதன் இலை, பூ, தண்டு அனைத்தும் இதயத்தைத் தாக்கும். அதைவிட ஏமாற்றுவது ஆமணக்குப் புண்ணாக்கு. செடிக்கு நல்ல உரமென்று எலும்புத் தூளோடு கலந்து தொட்டியில் இடுவார்கள். எலும்பு வாசத்துக்குத் தொட்டியையே தோண்டித் தின்னும் நாய். பதப்படுத்தாத புண்ணாக்கில் ரிசின் என்ற கொடிய நஞ்சு தங்கியிருக்கும். உரமிட்டே ஆக வேண்டுமென்றால் தொட்டி நாய்க்கு எட்டாத உயரத்துக்குப் போக வேண்டும்.

கடற்கரையில் வலையை உதறும்போது பேத்தை மீனை மீனவர் மணலிலேயே வீசிவிடுவார்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது என்பது அவர்களுக்குத் தெரியும். நாய்க்குத் தெரியாது. அந்த நஞ்சு தசைகளை முடக்கி மூச்சை நிறுத்தும், முறிமருந்தும் கிடையாது. அலை அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களின் இடுக்கில் அறுந்த தூண்டில் நரம்பும் முள்ளும் சிக்கிக் கிடக்கும். இரையோடு முள்ளை விழுங்கிய நாயின் வாயிலிருந்து நரம்பு தொங்கினால் அதை இழுக்கவே கூடாது, வெட்டவும் கூடாது. முள்ளைக் கண்டுபிடிக்க மருத்துவருக்கு அந்த நரம்பே வழிகாட்டும்.

பழக்குவதில் பலனளிப்பது ஒன்றுதான்: பண்டமாற்று. திருடியதை விட்டால் அதைவிட ருசியான ஒன்று கிடைக்கும் என்று, ஆபத்தில்லாத பொருள்களை வைத்துக் குட்டியிலேயே கற்றுத்தர வேண்டும். துரத்தினால் அவசரத்தில் விழுங்கிவிடும். அடித்தால் அடுத்த முறை கட்டிலுக்கடியில் போய் ஒளிந்து தின்னும். ஆயினும் எவ்வளவு பழகிய நாயும் ஆளில்லாத அடுப்படியில் சொல்பேச்சு கேட்காது. மிதித்துத் திறக்கும் மூடிபோட்ட கூடை, தாழிட்ட அடுப்படிக் கதவு, கடற்கரைக்குப் போகும்போது மூச்சுவாங்க இடம் விட்ட வாய்க்கூடை ஆகிய மூன்றும் எந்தப் பயிற்சியையும்விட அதிக உயிரைக் காக்கும்.

தின்றுவிட்டது என்று தெரிந்தால் உப்புக் கரைசலோ சோப்புத் தண்ணீரோ புகட்டி வாந்தி எடுக்கவைக்கும் பழக்கம் ஊரில் இன்னும் இருக்கிறது. அது ஒழிய வேண்டும். உப்பு மிகுந்தாலே நாய் வலிப்பு கண்டு சாகும். மண்ணெண்ணெய் குடித்திருந்தால் வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போய்விடலாம்; அமிலம் என்றால் இரண்டாவது முறையும் தொண்டையைச் சுடும். வாந்தி எடுக்கவைக்கலாமா என்பதை மருத்துவரே முடிவுசெய்வார். பெரும்பாலும் முதல் இரண்டு மணி நேரத்துக்குள்தான் அதற்குப் பயனுண்டு. கோட்டக்குப்பத்தாருக்குப் புதுச்சேரி குரும்பாப்பேட்டையிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி அருகில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்க 1962 என்ற எண் உண்டு. போகும்போது தின்ற பொருளின் உறையையோ, மாத்திரை அட்டையையோ, எஞ்சிய கட்டியையோ கையோடு கொண்டுபோக வேண்டும். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற மூன்றைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார்.