கைப்பேசியில் பாடம், கட்டிலருகே பரீட்சை



1860இல் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல், செவிலியர் பள்ளியை லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையிலேயே தொடங்கினார். நோயாளி இருக்கும் இடத்தில்தான் பாடமும் நடந்தது. இன்று பாடம் கைப்பேசிக்கு வந்துவிட்டது. வரட்டும்! மருந்தளவுக் கணக்கை விடுதியில் உட்கார்ந்து பத்து முறை போட்டுப் பார்க்கலாம், லாபம்தான். ஆனால், தொழில் நடத்தையை எப்படிச் சொல்லித் தரப் போகிறோம்?

“நோயாளியின் ரகசியம் காக்க வேண்டும்: சரியா, தவறா?” என்று கேட்டால் வகுப்பே நூற்றுக்கு நூறு வாங்கும். சான்றிதழும் வந்துவிடும். நடத்தை வந்ததா?

நான் கேட்கும் பாடம் இது. திரையில் இரவு நேர வார்டு. பெரியவர் ஒருவர் வந்து கெஞ்சுகிறார்: “சிஸ்டர், எம் பொண்ணைக் கட்டிக் கொடுக்கப்போற பையன்மா. என்ன வியாதின்னு மட்டும் சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.” பையனுக்கு எச்.ஐ.வி. ஒப்புதல் இல்லாமல் அதை வெளியில் சொல்வதை 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது. ஆனால், “அவருக்கு என்னன்னு சொல்லக் கூடாதுங்க” என்று சொல்லும்போது முகம் மாறினாலே பாதி சொன்ன மாதிரி. “எந்த நோயாளியைப் பத்தியும் நாங்க சொல்றதில்லைங்க ஐயா, அவர்கிட்டயே பேசுங்க” என்று இயல்பாகச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு பதில்களில் ஒன்றை மாணவி தானே தேர்ந்தெடுத்து, அதன் விளைவையும் பார்க்கிற மாதிரி பாடத்தை அமையுங்கள்.

அடுத்து, தவறு. மருந்து மாறிவிட்டது என்று மாணவி திரையில் ஒப்புக்கொண்டதும் மதிப்பெண்ணைக் குறைத்தால், நாம் மறைக்கத்தான் கற்றுக்கொடுக்கிறோம். உடனே நோயாளியைக் கவனித்து, டாக்டருக்குச் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதியவருக்கே முழு மதிப்பெண் கொடுங்கள்.

பிள்ளைகளே, பாடம் படிக்கும் அதே கைப்பேசியில்தான் வார்டில் செல்ஃபியும் எடுக்கிறீர்கள். பின்னால் கட்டிலில் படுத்திருப்பவர் உங்கள் ஸ்டேட்டஸில் வர யாரிடம் சம்மதம் சொன்னார்? இதுவும் பாடத்தில் வர வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் காட்சிகளை எழுத, வார்டில் பழுத்த சிஸ்டர்களைக் கூப்பிடுங்கள். அந்தப் பெரியவரின் கேள்வி அவர்களுக்குத்தான் தெரியும். திரையில் மிச்சமாகும் நேரத்தை வகுப்பறைக்குக் கொடுக்காதீர்கள். மாணவர்களை அழைத்துக்கொண்டு நோயாளியின் கட்டிலருகே போங்கள். கைப்பேசியில் தேறியவர் அங்கேயும் தேறுகிறாரா என்று நீங்களே நின்று பார்த்த பிறகு சான்றிதழில் கையெழுத்திடுங்கள்.