தூதின் ஆயுள்

அரசு அலுவலகத்தில் ஓர் ஆணை பிறப்பது ஒன்று. அது எத்துணைக் காலம் நடப்பில் இருக்கும் என்பது மற்றொன்று. நம் உயிரணுக்களிலும் இவ்விரண்டும் உண்டு.

உட்கருவிலுள்ள மரபுச் செய்தியின் படியைப் புரதம் உண்டாகும் இடத்திற்குக் கொண்டு சேர்ப்பது தூது ஆர்.என்.ஏ. ஆகும். இதன் இருப்பை ஆய்வாளர் 1961-ஆம் ஆண்டில் மெய்ப்பித்தனர். இத்தூதுகளுட் சில ஒரு மணி நேரத்திற்குள் சிதைகின்றன; சில ஒரு நாளுக்கு மேலும் நிலைக்கின்றன. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

தூது ஆர்.என்.ஏ. ஓர் ஒற்றை இழை. ஆயினும் அது தன்மேல் தானே மடிந்து, ஆங்காங்கே கொண்டை ஊசி போன்ற வடிவம் கொள்ளும். அம்மடிப்புகளைப் பற்றும் புரதங்கள் சில இழையின் ஆயுளை நீட்டுகின்றன, சில குறைக்கின்றன.

இரும்புச் சத்தைச் சான்றாகக் கொள்வோம். குருதியில் இரும்பைச் சுமந்து வருவது டிரான்ஸ்பெரின் என்னும் புரதம். அதனை வரவேற்க உயிரணுவின் மேற்பரப்பில் ஏற்பிகள் வேண்டும். அவ்வேற்பிக்குரிய தூது இழையின் வாற்புறத்தில் ஐந்து கொண்டை ஊசி மடிப்புகள் உள்ளன. இரும்பு குறைந்தால், ஒழுங்குப் புரதம் அம்மடிப்புகளைப் பற்றிக் காக்கிறது. இழை வெட்டுண்ணாது நிலைக்கிறது, ஏற்பிகள் பெருகுகின்றன, இரும்பு உள்ளே வருகிறது. இரும்பு நிறைந்ததும் அப்புரதம் விலகுகிறது; காவலிழந்த இழை வெட்டுண்டு அழிகிறது.

இரும்பைச் சேமிக்கும் பெரிட்டின் புரதத்தின் தூதிலோ இத்தகைய மடிப்பு தலைப்புறத்தில் உள்ளது. இரும்பு குறைந்தபோது அதே காவற்புரதம் அங்கே அமர்ந்து, பெரிட்டின் உண்டாவதைத் தடுக்கிறது. பஞ்ச காலத்தில் களஞ்சியம் கட்டுவார் இலர் அன்றோ?

இத்துணைக் கண்டிப்பு ஏன்? இரும்பு மிகுந்தால் உயிரணுவிற்கே நஞ்சு. குறைந்தால் உயிர்வளியைச் சுமக்கும் குருதிச் செவ்வணுக்கள் குன்றும். 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் குருதிச்சோகை உடையவர். இதன் காரணங்கள் பல. அவற்றுள் இரும்புக் குறைவு முதன்மையானது.

நேயர்களே! உயிரணு தன் வாயிலை அகலத் திறந்து வைத்தாலும், உணவில் இரும்பு இல்லையேல் உள்ளே வருவதற்கு ஒன்றுமில்லை. டில்லியில் வாழினும் மும்பையில் வாழினும், அவ்வூர்ச் சந்தையில் பயறும் கீரையும் கிடைக்கும். அவற்றுடன் எலுமிச்சஞ்சாறு சேர்த்தால் உடல் இரும்பை நன்கு ஏற்கும். உணவோடு தேநீர் அருந்தினால் அது குறையும். சோர்வு நீடிப்பின் மருத்துவரிடம் குருதியைச் சோதித்துக்கொள்வோமாக. வீட்டிலுள்ள பெண்டிர்க்கு இதனை முதலிற் செய்விப்பது நம் கடன்.